எக்ஸ்கவேட்: பள்ளமா, பொருளா?

கீழடி பற்றி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். 2015ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள், எங்கோ கிணறு வெட்டும்போது கிடைத்த ஒரு முதுமக்கள் தாழி, இரண்டுக்கும் எக்ஸ்கவேட் என்றே போட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் தாழிக்கு அது சரியா என்று கேட்டார். எல்லாம் தோண்டறதுதானே என்றேன். அகராதியைப் புரட்டினப்புறம்தான் உறைத்தது.

லத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'கவுஸ்' உட்குழிந்தது. குகையைக் குறிக்கும் கேவ், பல் டாக்டர் சொல்லும் கேவிட்டி, கான்கேவ் லென்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஆக எக்ஸ்கவேட்டின் முதல் பொருள் குடைவது. கண் பள்ளத்தின் மேல். வீட்டு அஸ்திவாரத்துக்கு மண் எடுப்பதும் எக்ஸ்கவேஷன்தான்; அங்கே யாரும் எதையும் தேடவில்லை பாருங்க. நம்ம 'அகழ்' இதற்குச் சரியான ஜோடி: கோட்டையைச் சுற்றி அகழ்ந்த பள்ளம் அகழி.

அன்எர்த் வேறு. அதன் கண் பொருள் மேல். பழைய கடிதம், ஊழல், எதற்கும் வரும், மண்ணே வேண்டாம். எக்ஸ்யூம் பெரும்பாலும் புதைத்த உடலுக்கு. கோர்ட் செய்திகளில் பார்க்கலாம்.

பானையை எக்ஸ்கவேட் செய்தார்கள் என்பதும் வழக்கில் உண்டு, தப்பில்லை. ஆனால் தொல்லியலில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், எந்த மண்ணடுக்கு, எத்தனை ஆழம் என்று குறித்து எடுத்திருப்பார்கள் என்று வாசகர் நம்புவார். காலக்கணிப்புக்கு அதுதான் ஆதாரம். கிணற்றுத் தாழிக்கு அந்தக் குறிப்பு எதுவும் கிடையாது. அதை அன்எர்த் என்று மாற்றிவிட்டேன். அதன் காலம் பற்றி எழுதியிருந்த வரியையும் எடுத்துவிட்டேன்.