வேர்க்கணக்கின் ஷெல்

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு ஆகிய பகுதிகளில் உள்ள கணினி நிறுவனங்களில் லினக்ஸ் இயங்குதளம் பரவலாகப் பயன்படுகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சார்ந்ததே. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் ஆகும்.

யூனிக்ஸின் மையப் பகுதி 'கெர்னல்' எனப்படும். பருப்பு என்பது அதன் பொருள். பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றித் தரும் நிரல் 'ஷெல்' எனப்படும். ஓடு என்பது அதன் பொருள். தேங்காயின் பருப்பை ஓடு சூழ்ந்திருப்பது போல, ஷெல் கெர்னலைச் சூழ்ந்து நிற்கிறது.

ஷெல்கள் பல வகைப்படும். 1979இல் போர்ன் ஷெல்லும் 1989இல் பாஷ் ஷெல்லும் வெளிவந்தன. ஒவ்வொரு பயனரும் தமக்கு விருப்பமான ஷெல்லைத் தேர்ந்தெடுக்கலாம். பயனர் விவரக் கோப்பில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி உண்டு. அவ்வரியின் ஏழு பகுதிகளுள் இறுதிப் பகுதியில் அவருடைய ஷெல்லின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும்.

நிருவாகியின் கணக்கிற்கு 'ரூட்', அதாவது வேர், என்று பெயர். சாதாரணப் பயனரின் ஷெல் பழுதுபட்டால் நிருவாகி அதனைச் சரிசெய்வார். நிருவாகியின் ஷெல்லே பழுதுபட்டால் சரிசெய்வார் யார்?

வசதிகள் மிகுந்த புதிய ஷெல்கள் சில கணினிகளில் தனி வட்டுப் பகுதியில் நிறுவப்படுவதுண்டு. கணினி தொடங்கும்போது அப்பகுதி இணையாவிட்டால் ஷெல் கிடைக்காது. நிருவாகியால் வழக்கம்போல் உள்ளே நுழைய இயலாது. இருப்பிடத்தை ஓர் எழுத்துப் பிழையுடன் எழுதினாலும் இதே நிலைதான். எனவே, இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும் அடிப்படை ஷெல்லையே ரூட் கணக்கிற்கு வைத்திருத்தல் நன்று. விருப்பமான ஷெல்லை நிருவாகி தம் சாதாரணக் கணக்கில் அமைத்துக்கொள்ளலாம்.

ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் இதற்கு மற்றொரு வழியும் காட்டுகிறது. 'ரூட்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி, 'டூர்' என்னும் மாற்றுக் கணக்கு ஒன்றை அது வைத்துள்ளது. அதற்கும் நிருவாகியின் அதிகாரம் முழுமையாக உண்டு. அதில் வேறு ஷெல்லை அமைத்துக்கொண்டால் ரூட் கணக்கின் ஷெல்லை மாற்ற வேண்டிய தேவை எழாது.

வசதி அன்றாட வேலைக்கு உதவும். எளிமை இடர்க்காலத்தில் காக்கும். ரூட் கணக்கோ இடர்க்காலத்திற்கு உரியது.

சிந்தித்து எழுதுக:
1. ரூட் கணக்கிற்கு அடிப்படை ஷெல் ஏற்றது எனக் கூறப்படுவது ஏன்?
2. 'டூர்' கணக்கின் பயன் யாது?