மாரடைப்பும் மூளையின் ரத்தக்குழாய்களும்

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கே போகிறது. ஆகவே மாரடைப்பின் பாதிப்பு மார்போடு நிற்பதில்லை.

இதை ஆராய, மயக்கமருந்து கொடுத்த எலியின் இதயத் தமனி ஒன்றை நூலால் கட்டி மாரடைப்பை உண்டாக்குகிறார்கள். சில வாரங்கள் கழித்து, தலைமுடியைவிடச் சற்றே தடித்த மூளைத் தமனியைப் பிரித்தெடுத்து, நுண்ணிய கண்ணாடிக் குழாய்களுக்கு இடையே பொருத்தி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். நல்ல தமனி அழுத்தம் கூடினால் சுருங்கும். உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால் விரியும். மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்த சுண்டெலிகளிலோ, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தின் தூண்டுதலால் தமனித் தசை அளவுக்கு மீறி இறுகி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

எலியின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு வயதான எலி கிழட்டு எலி. மாரடைப்பு வருமுன்பே அதன் ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு குறைந்திருக்கும். மீசைமயிரை வருடினால் மூளையின் உரிய பகுதிக்கு ரத்தம் விரைவதும் மந்தமாகவே நடக்கும். மாரடைப்பு பெரும்பாலும் முதுமையின் நோய். சோதனைகளோ பெரும்பாலும் இளம் எலிகளில் நடக்கின்றன. இது சிறிய குறையல்ல.