சமவலிமையாளர் இருவரின் சதுரங்கம்

வலியவரும் எளியவரும் மோதினால் முடிவை முன்னரே கூறிவிடலாம். சமவலிமை உடையோர் இருவர் மோதினால் வெற்றியை முடிவு செய்வது எது? சதுரங்க ஆட்டம் ஒன்றின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

சோவியத் நாட்டவரான கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 முதல் உலகப் பட்டத்திற்காகப் பொருதி வந்தனர். 119 ஆட்டங்கள் முடிந்தபோது, இருவரும் ஆளுக்கு 16 வெற்றி; எஞ்சிய 87 ஆட்டங்களும் சமன்! தராசுத் தட்டுகள்கூட இத்துணைச் சரியாக நிற்குமோ என நாம் வியக்கிறோம்.

120ஆவது ஆட்டம், 1987 டிசம்பர் 18ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் தொடங்கியது. அது அப்போட்டியின் 24ஆவதும் இறுதியுமான ஆட்டம். கார்ப்போவ் 12 புள்ளி, காஸ்பரோவ் 11. சமன் செய்தாலே கார்ப்போவுக்குப் பட்டம். காஸ்பரோவோ வென்றே தீரவேண்டும். வென்றால் 12க்கு 12 என்றாகி, விதிப்படி பட்டம் நடப்பு வீரரான அவரிடமே இருக்கும்.

பாய்ந்து தாக்குவதில் பேர்பெற்ற காஸ்பரோவ் அன்று பாயவில்லை. வெள்ளைக் காய்களை மெல்ல நகர்த்தினார். சமனை நாடுபவர் காய்களை வெட்டிக் குறைக்கவே விரும்புவார். சிக்கல் நீடித்தால் அவர் நெடுநேரம் எண்ண நேரும். அப்போட்டியில் 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரமே இருந்தது. கடிகாரம் கார்ப்போவை நெருக்கிற்று.

31ஆம் நகர்த்தலில் காஸ்பரோவ் தம் ஓரக் காலாளைக் காவாது விட்டு, குதிரையை நடுப்பலகைக்கு ஏற்றினார். கார்ப்போவின் குதிரை அக்காலாளை வெட்டிற்று. ஆனால் அரசனைவிட்டு வெகுதொலைவு சென்றுவிட்டது. 33ஆம் நகர்த்தலில் அவர் அரசியைக் காவலுக்குக் கொணர்ந்திருந்தால் தப்பியிருக்கலாம். மற்றொரு குதிரையை நகர்த்தினார். விலகிச் சென்ற குதிரை வெட்டுண்டது. அதற்கு ஈடாகக் காஸ்பரோவின் குதிரையும் வீழ்ந்தது. எனினும் அம்மோதலின் முடிவில் காஸ்பரோவுக்கு ஒரு காலாள் மிகுதி.

ஒரே ஒரு காலாள்! நம் பிள்ளைகள் பலர் அதனை ஒரு பொருட்டாகவே கருதாமல் பறிகொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

41 நகர்த்தலுக்குப் பின் ஆட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அக்காலத்தில் அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைப்பது வழக்கம். மறுநாள் பலகையில் இரு தரப்பிலும் அரசனும் அரசியும். காஸ்பரோவிடம் மந்திரியும் நான்கு காலாட்களும், கார்ப்போவிடம் குதிரையும் மூன்று காலாட்களும். காஸ்பரோவ் அவசரப்படவில்லை. அரசியையும் மந்திரியையும் கட்டம் கட்டமாக இடம் மாற்றி நெருக்கினார். கார்ப்போவின் குதிரையோ 39ஆம் நகர்த்தலில் நின்ற கட்டத்தைவிட்டு இறுதிவரை அசைய இயலவில்லை.

64ஆம் நகர்த்தலாகக் காஸ்பரோவ் தம் அரசனை ஒரு கட்டம் நகர்த்தினார். கார்ப்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.