உபாத்தியாயர்களின் சபை யாருடையது?

உபாத்தியாயருக்குத் தொழிலறிவு எங்கிருந்து வருகிறது? பயிற்சிக் கலாசாலையில் பெற்ற பட்டத்தோடு அது முடிந்துவிடுவதாக எண்ணுவோர் பலர். வருஷத்தில் இரண்டொரு முறை அவர்களை ஓரிடத்திற்கு அழைத்து, மேலிருந்து வந்த பாடத்தை ஒருவர் வாசிக்க, நூறு பேர் கேட்டுக் கையெழுத்திட்டுத் திரும்பும் முகாமே போதுமென்பது சர்க்கார் இலாகாக்களின் நெடுநாளைய அபிப்பிராயம். பின்னக் கணக்குப் புரியாமல் விழிக்கும் குழந்தையின் முன் மறுநாள் காலையில் நிற்பவருக்கு அந்த முகாம் எவ்வளவு உதவிற்று என்பதை அவரையன்றோ கேட்க வேண்டும்!

கிராமத்து ஹைஸ்கூலில் கணிதம் போதிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. தம் தொழிலின் சங்கடத்தைப் பேசுவதற்கு அந்தப் பள்ளியில் அவருக்குத் துணையில்லை. இந்தத் தனிமையைப் போக்க அண்டை ராஜ்யமான கர்நாடகத்தில் 2011-ம் வருஷத்தை ஒட்டி ஒரு முயற்சி தொடங்கிற்று. பெங்களூரிலுள்ள ஐ.டி. ஃபார் சேஞ்ச் என்னும் ஸ்தாபனமும் ராஜ்யக் கல்வி இலாகாவும் சேர்ந்து, சர்க்கார் ஹைஸ்கூல் உபாத்தியாயர்களைப் பாடவாரியாகக் கம்ப்யூட்டர் வழியே குழுக்களாக இணைத்தன. வினாவை ஒருவர் விடுக்க, வேறு ஜில்லாவிலிருப்பவர் விடையளிப்பார். ஜியோஜீப்ரா போன்ற விலையற்ற சாதனங்களைக் கொண்டு பாடம் அமைக்கக் கற்றார்கள். அவ்விதம் சேர்ந்தவற்றில் நல்லவை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் யாவரும் எடுத்தாளத்தக்க பொதுக் களஞ்சியமாக வைக்கப்பட்டன. கேட்டவரும் சொன்னவரும் ஒரே தொழிலினர். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியல்லர். இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை அதுவே.

பின்னர் வாட்ஸ்அப் வந்தது. 2014-ல் ஒரு குழுவில் நூறு பேர் சேரலாமென்றிருந்தது. 2022-ல் 1,024 பேர் சேரலாமென்றாயிற்று. இன்று கைபேசியில் ஏதேனுமொரு குழுவில்லாத உபாத்தியாயர் அரியர். ஆனால் அங்கே நடப்பதென்ன? பின்னக் கணக்கைப் பற்றி ஒருவர் கேட்ட நல்ல கேள்விக்கு அடியில், "இன்றைய வருகைக் கணக்கை உடனே அனுப்புக", "மதிய உணவுப் படம் எங்கே?", "நாளைக் கூட்டத்திற்குத் தவறாது வருக" என்று உத்தரவுகள் வந்து குவிகின்றன. இரவு பத்து மணிக்கும் அவை ஓய்வதில்லை. (காலை வணக்கத்தோடு வரும் ரோஜாப் பூக்களுக்கு மட்டும் சர்க்காரைக் குறை கூறுவதற்கில்லை, அவை நம் உபாத்தியாயர்களின் சொந்தக் கைங்கரியமே.)

உத்தரவுகளின் தொல்லையைவிடப் பெரிய தீங்கொன்று உண்டு. கல்வி அதிகாரி அங்கத்தினராயிருக்கும் குழுவில், "இந்தப் பாடத்தை எனக்கு நடத்தத் தெரியவில்லை" என்று எவர் எழுதுவார்? அறியாமையை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடத்தில்தான் கல்வி பிறக்கும். குழந்தைகளுக்கு இதை நாள்தோறும் உபதேசிக்கும் இலாகா, பெரியவர்கள் விஷயத்தில் மறந்து விடுகிறது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஜனத்தொகைக் கணக்கு, விபத்து நிவாரணம், தேர்தல் ஆகியவை நீங்கலாக வேறு வேலைகளில் உபாத்தியாயர்களை ஈடுபடுத்தலாகாதென்கிறது. கைபேசி வழியாக வரும் குமாஸ்தா வேலைக்கு மட்டும் வரம்பு கட்டுவாரில்லை.

அதிகாரியின் நிழல் விலகினாலும் அபாயம் முற்றும் நீங்குவதில்லை. 2009-ல் அமெரிக்க உபாத்தியாயர்கள் சிலர் ட்விட்டரில் "எட்சாட்" என்ற சம்பாஷணையைத் தொடங்கினர். செவ்வாய்க்கிழமைதோறும் அதில் கூடி, வகுப்பறை விஷயங்களைத் தங்களுக்குள் விவாதித்து வந்தனர். 2022-ல் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்கினார். மறு வருஷம் அதன் பெயரும் மாறிற்று. விதிகள் மாறின, உபாத்தியாயர்கள் பலர் வெளியேறினர். வருஷக் கணக்காகக் கூடிப் பேசிய சபையின் விதியை நிர்ணயிப்பதில் அவர்களுக்கு ஒரு வோட்டும் இல்லை.

ஆகவே, உபாத்தியாயர் சங்கங்கள் இதைத் தங்கள் சொந்தக் காரியமாக மேற்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பாடத்துக்கொரு குழு, அதில் அதிகாரிகளுக்கு இடமில்லை, உத்தரவுகளுக்கு வேறு குழு என்று இலாகாவிடம் எழுத்து மூலம் உறுதி பெறட்டும். வாரந்தோறும் நல்ல கேள்விகளையும் விடைகளையும் தாய்மொழியில் தொகுத்து, எந்தக் கம்பெனியின் தயவுமின்றி யாவரும் படிக்கும்படி வெளியிடட்டும். சம்பள உயர்வுக்காக மாநாடு கூட்டும் சங்கங்களுக்கு இதற்கு ஒரு குமாஸ்தாவின் சம்பளமே செலவாகும்.