எண்ணெயில் பால் நிறமா? எஞ்சினைக் கவனியுங்கள்!



பால்மரத்தில் பால் வடிந்தால் நமக்குப் பிழைப்பு. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் பால் தோன்றினாலோ அந்தப் பிழைப்புக்கே கேடு!

எஞ்சின் எண்ணெயை அளந்து பார்க்கும் மூடியைத் திருகி எடுக்கும்போது, அதன் அடியில் தயிர்போல வெளிறிய கசடு ஒட்டிக்கொண்டிருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். "எண்ணெய் பழசாகிவிட்டது போலும்" என்று துணியால் துடைத்துவிட்டு மூடிவிடுவது வழக்கம். ஆனால் பழசான எண்ணெய் கறுக்குமே தவிர வெளுக்காது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று எஞ்சின் நமக்குச் சொல்லும் முதல் அறிவிப்பு இது.

"தண்ணீரா? யாரும் ஊற்றவில்லையே! மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலில் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கின்றன. பெட்ரோல் எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடித் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். விடியற்காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் புகைக்குழாயின் முனையில் நீர்த்துளி சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான்.

சிறிதளவு ஆவி மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக, எண்ணெய் இருக்கும் அடிப்பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் கவலையில்லை. அந்த ஆவி, எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று அமைந்த குழாய் வழியே வெளியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால்? சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதன் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். எஞ்சினின் உட்சுவரிலும் அப்படித்தான் நீர் படிகிறது. பற்சக்கரங்கள் சுழன்று சுழன்று அந்த நீரையும் எண்ணெயையும் மத்துப்போல் கடைகின்றன. அதன் விளைவே அந்தப் பால் நிறம்.

குளிரில்லா ஊரில் குளிர் நோயா?

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்தில் இது சர்வ சாதாரணம். நம் நாட்டிலும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலாக்காவில் விடியற்காலையிலும் அவ்வளவு குளிர் இருப்பதில்லை. பிறகு இங்கே ஏன் இந்தத் தொல்லை?

இங்கே குளிர்ந்திருப்பது ஊரல்ல, எஞ்சின். எண்ணெயில் கலந்த நீர் விரைவாக ஆவியாகிப் போக வேண்டுமானால் எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எஞ்சின் உறை தொட்டால் சுடலாம். உள்ளே இருக்கும் எண்ணெய் மெதுவாகத்தான் சூடேறும்.

ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசகான், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரங்கள் இருந்த இடம் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. ஆனாலும் நம் ஓட்டம் மாறவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்கு 2 கிலோமீட்டர். காலையில் போக, வர; மாலையில் கடைக்குப் போக, வர. ஆக நான்கு ஓட்டம், 8 கிலோமீட்டர். மாதம் 26 நாள் என்றால் 208 கிலோமீட்டர். "2,000 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றுங்கள்" என்று மோட்டார் கடைக்காரர் சொல்லியிருந்தால், அந்தக் கணக்கு நிறைய ஏறத்தாழ பத்து மாதம் ஆகும். அதற்குள் அந்த எஞ்சின் 1,040 முறை கிளம்பி, ஒரு முறைகூட முழுச் சூடு காணாமல் நின்றிருக்கும்! மீட்டரைப் பார்த்தால் வண்டி ஓடவே இல்லை. எண்ணெயைப் பார்த்தால் அது எப்போதோ கெட்டுவிட்டது.

இதோடு மே முதல் செப்டம்பர் வரை, விடியும் நேரத்தில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயற்காற்றும் மழையும் சேர்ந்துகொள்கின்றன. மழை பட்ட எஞ்சின் சூடேற இன்னும் தாமதமாகும்.

என்ன கேடு?

1958ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார். நாம் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் வண்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. இவ்வகை வண்டிகளில் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவுதான். அந்தக் கொஞ்ச எண்ணெயே பிஸ்டனுக்கும், கியருக்கும், கிளட்சுக்கும் பொது. பெரிய அண்டாவில் ஒரு கரண்டி நீர் விழுந்தால் தெரியாது. சின்னக் கிண்ணத்தில் விழுந்தால்?

நீர் கலந்த எண்ணெய்க்கு வழுக்கும் வலு குறைகிறது. எரிந்த வாயுக்களோடு அந்த நீர் சேரும்போது அமிலம் உண்டாகி, பேரிங்குகளை அரிக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. சத்தம் வெளியே கேட்கும்போது காரியம் கைமீறியிருக்கும்.

செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு நாள் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கோ கோயிலுக்கோ போகும்போது கொஞ்சம் சுற்றுவழியாகப் போய் வாருங்கள்.

2. வாசலில் நிறுத்தி உறுமவிடுவதால் பயனில்லை. சுமை இல்லாமல் எண்ணெய் போதிய சூடு அடையாது. நீர்தான் மேலும் சேரும். கிளப்பியதும் ஒரு நிமிடம் பொறுத்து, நிதானமாக ஓட்டிச் செல்லுங்கள்.

3. குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு மீட்டரை நம்பாதீர்கள், நாட்காட்டியை நம்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

4. வாரம் ஒரு முறை, வண்டியைக் கிளப்புவதற்கு முன், சமதரையில் நேராக நிறுத்தி, அளவு மூடியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நீரோ பெட்ரோலோ இறங்கியிருக்கிறது என்று பொருள்.

5. மூடியில் மட்டும் கசடு இருந்தால், நீண்ட ஓட்டம் ஒன்று போய் வந்து மறுபடியும் பாருங்கள். மறைந்திருந்தால் நல்லது. எண்ணெய் முழுவதுமே வெளுத்திருந்தால், உடனே வடித்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள். சில நாள் ஓட்டிய பின் அதையும் வடித்து மாற்றினால்தான் மிச்ச நீரும் போகும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது வேண்டாம்.

6. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். ஒரு போத்தலில் அடைத்து மோட்டார் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மேலே சொன்னது காற்றால் குளிரும் எஞ்சினுக்கு. யமஹா ஒய்15 போன்ற, நீரால் குளிரும் வண்டிகளில் எண்ணெய் வெளுத்தால், குளிரூட்டும் நீரே உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். அந்த நீரின் அளவு குறைந்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்; தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

அடுத்தது வெள்ளம். 2006 டிசம்பரில் ஜொகூரிலும் மலாக்காவிலும் ஏறிய வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். எஞ்சின் நீரில் மூழ்கிவிட்டால், ஓடுகிறதா என்று உதைத்துப் பார்க்கவே கூடாது. எண்ணெயை வடித்து, மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே கிளப்ப வேண்டும்.

வாசகர்களே! 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் செலவு வந்து விழுந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து வராத தோட்டத்தில் வண்டி நின்றால், அப்பாவின் வேலை மட்டுமா நிற்கிறது? பிள்ளையின் பள்ளி, பாட்டியின் மருத்துவமனை நாள், அம்மாவின் தொழிற்சாலை நேரம் எல்லாமே நிற்கின்றன.

வாரந்தோறும் மூடியைப் பார்க்கும் வேலையைப் பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். நீராவி குளிர்ந்து நீராவதை அறிவியல் நூலில் படித்த பிள்ளை, அதை வீட்டு வாசலிலேயே கண்ணாரக் காணட்டும். ஒரு போத்தல் எண்ணெய் விலையில் எஞ்சினும் பிழைக்கும். வருமுன் காப்பதே அறிவு!