பாம்போர் யானைப் புதைபடிவம்

பாம்போர் யானைப் புதைபடிவம் என்பது காசுமீரின் பாம்போர் நகருக்கு அருகில் உள்ள கலாந்தர் என்னும் இடத்தில் 2000 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, அழிந்துபோன யானையொன்றின் மண்டையோடு ஆகும். ஜம்மு பல்கலைக்கழக நிலவியலாளர் குலாம் பட் தலைமையிலான குழுவினர் இதனை அகழ்ந்தெடுத்தனர். மண்டையோட்டுடன் 87 கற்கருவிகளும் கிடைத்தமையே இக்கண்டுபிடிப்பின் சிறப்பாகும். கண்டுபிடிப்பின் 25 ஆம் ஆண்டு 2025 இல் நிறைவுற்றது.

மண்டையோடு ஜம்மு பல்கலைக்கழகத்தின் வாடியா அருங்காட்சியகத்தில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜம்முவில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய நிலவியலாளர் தாராஷா வாடியாவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

மாமூத் அன்று

பனிக்காலத்து யானை என்றவுடன் மாமூத் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இது பேலியோலாக்சோடான் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் பெரிய ஆண் யானைகள் தோள்வரை 4 மீட்டருக்கு மேல் வளர்ந்தன. இந்தியாவில் நருமதைப் பள்ளத்தாக்கிலும் இதன் மற்றோர் இனம் வாழ்ந்தது.

உறவுமுறை சற்று வியப்பானது. செருமனியில் கிடைத்த பேலியோலாக்சோடான் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2017 இல் வெளியான முடிவுகளின்படி, அவை ஆப்பிரிக்கக் காட்டு யானைக்கே நெருங்கியவை. மாமூத்தோ ஆசிய யானைக்கு நெருங்கியது. அதாவது, ஊட்டி காந்தலில் இருந்து முதுமலைக்குச் செல்பவர் வழியில் காணும் யானை, காசுமீரில் புதைந்து கிடந்த யானையைவிடச் சைபீரிய மாமூத்துக்கே நெருங்கிய உறவு.

இனம் அறிதல்

மண்டையோட்டின் இனத்தை உறுதி செய்யவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இப்பேரினத்தின் பிற மண்டையோடுகளில் உச்சியில் தடித்து முன்னோக்கி நீளும் எலும்பு முகடு காணப்படும். பாம்போர் மண்டையோட்டிலோ நெற்றி அகன்று தட்டையாகவும், முகடு மிக மெலிதாகவும் உள்ளது. 1950களில் துருக்மெனிசுதானில் இருந்து விவரிக்கப்பட்ட ஒரு மண்டையோடு மட்டுமே இதனை ஒத்திருந்தது. அத்வைத் ஜூகர் உள்ளிட்டோர் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், இது அதே இனமான பேலியோலாக்சோடான் துருக்மெனிக்கசு என முடிவு செய்தனர். பல், மண்டையோட்டு அமைப்புகளைக் கொண்டு இது முதிர்ந்த யானை என்றும், பெரும்பாலும் ஆண் என்றும் கருதப்படுகிறது. காலம் 3 முதல் 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்.

மனிதர்களின் பங்கு

கற்கருவிகளுள் பெரும்பாலானவை பசால்ட்டுப் பாறையால் ஆனவை. இப்பாறை அவ்விடத்தில் கிடைப்பதன்று. வேறிடத்தில் இருந்து கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். எலும்புச் சில்லுகளும் கிடைத்துள்ளன. எலும்பைக் கல்லால் தாக்கி உடைக்கும்போது இத்தகைய சில்லுகள் தெறிக்கும். உள்ளிருக்கும் மச்சையை உண்பதற்காக அவ்வாறு செய்தனர் என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். இந்தியாவில் விலங்குகளை மனிதர் அறுத்துண்டமைக்கு அதுவரை அறியப்பட்டிருந்த சான்றுகள் 10,000 ஆண்டுகளுக்கும் குறைவான பழமை உடையவை என்பதை நோக்க, இதன் முக்கியத்துவம் விளங்கும்.

எனினும் இதனை வேட்டை என்று கூறிவிடக் கூடாது. யானையை மனிதர் கொன்றதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. யானையின் மண்டையோட்டில் காற்றறைகள் நிறைந்திருக்கும். இந்த மண்டையோட்டில் அப்பகுதியின் எலும்பு இயல்புக்கு மாறாக வளர்ந்துள்ளது. நெடுநாள் நீடித்த காற்றறை அழற்சி இதற்குக் காரணமாகலாம். நோயுற்ற யானை தானே இறந்திருக்கலாம், அல்லது ஜீலம் ஆற்றின் சேற்றில் சிக்கியிருக்கலாம். மனிதர் பின்னர் வந்து உண்டிருக்கலாம்.

பாம்போர் இன்று குங்குமப்பூவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அப்பூ விளையும் கரேவா எனப்படும் மேட்டுநிலப் படிவுகள், பண்டைய ஏரியொன்று விட்டுச்சென்ற வண்டலால் ஆனவை.