அறிவியலை எடுத்துரைப்பார்க்கு உரிய சிறப்பு

அறிவியலறிஞர்க்குப் பணி இரண்டு. இயற்கையில் மறைந்து கிடக்கும் உண்மையைக் கண்டறிதல் ஒன்று. கண்டதனை அத்துறை பயிலாதார்க்கும் விளங்குமாறு எடுத்துரைத்தல் மற்றொன்று. முன்னைய பணிக்குப் பரிசும் பதக்கமும் நெடுங்காலமாக வழங்கப்பெற்று வருகின்றன. இலண்டன் இராயல் சங்கத்தார் காப்ளி பதக்கத்தை 1731ஆம் ஆண்டிலேயே வழங்கத் தொடங்கினர். ஆயின், பொதுமக்கட்கு அறிவியலை விளக்கியுரைப்பார்க்கென அதே சங்கத்தார் ஒரு பரிசினை ஏற்படுத்தியது 1986ஆம் ஆண்டிலேதான். இடையே கழிந்தவை இருநூற்று ஐம்பத்தைந்து ஆண்டுகள். எடுத்துரைத்தலை ஆராய்ச்சியின் எச்சமாகவும், ஆராயும் ஆற்றல் குன்றியவர் மேற்கொள்ளும் தொழிலாகவும் அறிஞருலகம் எண்ணியமையே இவ்விடைவெளிக்குத் தலையாய காரணம் எனலாம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

1986ஆம் ஆண்டுப் பரிசு மைக்கேல் பாரடேயின் பெயரால் அமைந்தது. அவர் வரலாற்றையே முதற்கண் நோக்குவோம். கொல்லர் ஒருவரின் மகனாக 1791இல் பிறந்த பாரடே, பள்ளிக் கல்வியை முறையாகப் பெறாதவர். இளமையில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயின்றார். கட்டுதற்கு வந்த நூல்களைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார், வேதியியலை உரையாடல் வடிவில் பொதுமக்கட்கென எழுதி 1806இல் வெளியிட்ட நூல் அவ்வாறே அவர் கைக்கு எட்டிற்று. பின்னர் 1812இல், இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் அந்நிலையத்திலேயே உதவியாளராக அமர்ந்தார். மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்து இன்றைய மின்னாக்கிகளுக்கெல்லாம் வழி வகுத்தவர் இவரே. பொதுமக்கட்கென எழுதிய ஒரு நூலும் பொதுமக்கட்கென நிகழ்ந்த ஒரு சொற்பொழிவும் இல்லையேல், அவர் புத்தகக் கடையிலேயே வாழ்நாளைக் கழித்திருத்தலும் கூடும். அம்மையாரின் நூலால் தாம் பெற்ற பயனை அவர் முதுமையிலும் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

தாம் பெற்றதனைப் பாரடே பன்மடங்காகத் திருப்பித் தந்தார். இளைஞர்க்கென ஆண்டுதோறும் நிகழும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் அந்நிலையத்தில் 1825இல் தொடங்கின. அவற்றுள் பத்தொன்பது ஆண்டுத் தொடர்களைப் பாரடே ஒருவரே நிகழ்த்தினார். பேச்சுக்கலையைப் பொருள் கொடுத்து ஆசிரியரிடம் பயின்றார். உரை விரைந்து ஓடும்போது தம்மைத் தடுப்பதற்காக, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை உதவியாளர் தம் கண்முன் வைக்குமாறும் ஏற்பாடு செய்திருந்தார்.

அவருடைய சொற்பொழிவுகளுள் மிகுந்த புகழ் பெற்றது மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு பற்றியது. 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஆறு உரைகளாக நிகழ்ந்த அது 1861இல் நூலாக வெளிவந்தது. எவர் வீட்டிலும் எரியும் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவர் வினவிச் செல்லும் முறை கூர்ந்து நோக்கற்பாலது. மெழுகு திடப்பொருளாயிற்றே, அது சுடரை அடைவது எங்ஙனம்? வெப்பத்தால் உருகிய மெழுகு திரியின் அருகே சிறு கிண்ணம்போல் தேங்கி நிற்கின்றது. கீழிருந்து மேலெழும் காற்று வர்த்தியின் விளிம்பைக் குளிர்விப்பதால் கிண்ணத்தின் கரை உருகாமல் நிற்கின்றது. தேங்கிய நீர்மம் நுண்புழைக் கவர்ச்சியால் திரிவழியே ஏறி ஆவியாகின்றது, எரிவது அவ்வாவியே. இதனைச் சொல்லளவில் விடாது, சுடரின் நடுவேயுள்ள இருண்ட பகுதியில் ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனை வழியே வெளிப்படும் ஆவியில் தீயேற்றிக் காட்டினார். ஒரு வர்த்திக்கு இரண்டு சுடர்! ஒளி தருவன சுடருக்குள் வெண்மையுறக் காயும் கரித்துகள்களே என்பதையும், சுடரின்மேல் பிடித்த குளிர்ந்த கலத்தில் நீர்த்துளி படிவதையும், எரிதலால் உண்டாகும் வளி தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கலங்கச் செய்வதையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இறுதியில், நாம் விடும் மூச்சும் சுண்ணாம்பு நீரை அவ்வாறே கலக்குகின்றது என மெய்ப்பித்து, உயிர்களின் மூச்சும் வர்த்தியின் எரிதலும் ஒருவகையில் ஒரே நிகழ்ச்சி என்னும் பேருண்மையில் கொண்டு நிறுத்தினார்.

இவ்வுரையில் எளிமைக்காக எவ்வுண்மையும் சிதைக்கப்படவில்லை. ‘ஆவியே எரிகின்றது’ என்று கூறி முடித்தல் எளிது. அதனை ஐயத்திற்கு இடமின்றி ஒரு சிறுவன் காணுமாறு சோதனை வகுத்தல் எளிதன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் வேண்டப்பெறும் அதே அறிவு அங்கும் வேண்டும். நம் மொழியில் உரைநெறி உணர்ந்தார்க்கு இது புதிதன்று. தொல்காப்பியத்திற்கு உரை கண்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்னும் பெயராலேயே குறித்துப் பெருமை செய்தது தமிழ் மரபு. நூலாசிரியனுக்கு அடுத்த படியில் அவரை நிறுத்தித் தாழ்த்த எவரும் கருதியதில்லை.

அறிவியல் விளக்குநர்க்கென உலக அளவில் எழுந்த முதற்பெரும் பரிசு இந்தியர் ஒருவரின் கொடையால் அமைந்ததாகும். ஒடிசாவின் தொழிலதிபரும், பின்னாளில் அம்மாநில முதலமைச்சருமான பிஜு பட்நாயக், கலிங்க அறக்கட்டளையின் சார்பில் வழங்கிய நன்கொடையைக் கொண்டு யுனெஸ்கோ நிறுவனம் கலிங்கப் பரிசினை ஏற்படுத்தியது. தமிழ் கற்றார்க்குக் கலிங்கம் என்றதும் பரணியும் போர்க்களமும் நினைவிற்கு வரும். அப்பெயர் அறிவுக்கொடைக்கு உரியதாகவும் ஆயிற்று. முதற் பரிசினை 1952இல் பெற்றவர் லூயி தெ பிராய். மின்னணுவிற்கு அலைத்தன்மை உண்டெனக் கூறி 1929இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1956இல் பெற்ற ஜார்ஜ் காமோ, அணுக்கருவினின்று ஆல்பாத் துகள் வெளிப்படும் முறையை விளக்கிய இயற்பியலார். ஒளியின் வேகம் மிகக் குறைந்த ஓர் ஊரைக் கனவு காணும் வங்கி எழுத்தரைப் படைத்துச் சார்புக் கொள்கையைக் கதையாக்கியவர். இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க் 1961இலும், இந்தியராகிய ஜகஜித் சிங் 1963இலும் இப்பரிசைப் பெற்றனர்.

நம் வினாவிற்கு நேரிய விடை தருபவர் கார்ல் வான் பிரிஷ் ஆவார். உணவிருக்கும் திசையையும் தொலைவையும் தேனீக்கள் ஆடல் வாயிலாகத் தம் இனத்திற்கு அறிவிக்கின்றன என்பதைக் கண்டறிந்து, பொதுமக்களும் விரும்பிப் படிக்குமாறு எழுதியவர் அவர். கலிங்கப் பரிசு அவரை 1958இல் அடைந்தது. நோபல் பரிசோ 1973இல்தான் வந்தது. விளக்கவல்லார் ஆராயமாட்டார் என்னும் கூற்று இவர்முன் நில்லாது.

ஆயினும் அக்கூற்று எளிதில் மாயவில்லை. அமெரிக்க வானியலறிஞர் கார்ல் சேகன் வெள்ளிக் கோளின் கடுவெப்பத்திற்குப் பசுமையில்ல விளைவே காரணம் என்பதைத் தம் இளமையிலேயே ஆய்ந்தவர்; நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர். 1980இல் ஒளிபரப்பான ‘காஸ்மாஸ்’ என்னும் பதின்மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடரால் அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. 1992இல் அந்நாட்டு தேசிய அறிவியற் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. வாக்கெடுப்பில் வேண்டிய மூன்றில் இருபங்கு கிட்டாமையால் அவர் தேர்வு பெறவில்லை. மக்களிடம் பெற்ற புகழே அவருக்குக் குறையாயிற்று என்று பலரும் கருதினர். மக்களிடம் புகழ் பெற்றோரின் ஆய்வைக் குறைத்து மதிப்பிடும் இப்போக்கிற்குச் ‘சேகன் விளைவு’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அதே கழகம் ஈராண்டு கழித்து, 1994இல், பொதுநலப் பதக்கம் என்னும் தன் உயரிய சிறப்பினை அவருக்கு வழங்கிற்று. பதக்கம் தந்த கை உறுப்புரிமையை மட்டும் தரவில்லை. 1996இல் அவர் மறைந்தார்.

இங்கிலாந்தில் மனநிலை மாறியதற்கு ஓர் அறிக்கை துணை செய்தது. வால்டர் போட்மர் தலைமையில் அமைந்த குழு 1985இல் இராயல் சங்கத்திற்கு அளித்த அவ்வறிக்கை, பொதுமக்களோடு உரையாடுதலை அறிவியலறிஞரின் கடமை என்றே வகுத்தது. அடுத்த ஆண்டில் பாரடே பரிசு பிறந்தது. அப்பரிசு பெறுவோர் பொது அவையில் ஓர் உரை நிகழ்த்துதல் மரபு.

கலிங்கப் பரிசிற்கும் இத்தகைய மரபு உண்டு. பரிசு பெற்றோர் இந்தியாவிற்கு வந்து பல ஊர்களில் சொற்பொழிவாற்றுதற்கென இந்திய அரசு 2001இல் ஓர் இருக்கையை நிறுவி, அதற்கு ருசிராம் சாகனியின் பெயரை இட்டது. இலாகூரில் வேதியியற் பேராசிரியராக விளங்கிய சாகனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பஞ்சாபின் ஊர்தோறும் சென்று, சோதனைகளைச் செய்து காட்டி, அறிவியலை விளக்கினார். கடைக்காரரும் தொழிலாளரும் நுழைவுக் கட்டணம் செலுத்தி வந்து அவ்வுரைகளைக் கேட்டனர். அவர் அங்கெல்லாம் பேசியது பஞ்சாபி மொழியில்.